வடகரைப் பெஞ்சு

ஏரிக்கரையைப் புதுப்பித்தபோது ஊரார் கூடிப் பேசினார்கள். பறவைகள் முட்டையிடும் மூன்று மாதமும் வடகரையில் கயிறு கட்டிவிடுவது, ஒருவரும் உள்ளே போவதில்லை என்று முடிவானது. அங்கே போட்ட புது சிமெண்ட் பெஞ்சில் இன்னும் யாருமே உட்கார்ந்ததில்லை. அதன் காலடி ஜல்லியில் ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்தது.

"ஆள் வந்தா கத்துவியாமே? ஒருதடவை கத்தேன்," என்றது பெஞ்சு.

"ஆளே வரலையே! சொன்ன சொல் தவறாத ஊருப்பா இது."

"பொய்யாவாச்சும் கத்தேன். யாரோ வர்றாங்கன்னு நினைச்சுக்கிறேன்."

"முட்டைய வச்சுக்கிட்டு பொய்யா கத்துவாங்களா?"

குஞ்சுகள் பறந்தன, தாயும் போயிற்று. கயிற்றை அவிழ்த்தார்கள். நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து கடலை கொறித்தார்கள்.

ஆள் வந்தாயிற்று. கத்தத்தான் யாருமில்லை.