அஞ்சாவதில் ஆரம்பித்தவள்

எல்லாரும் சுகம்தானே? இங்கே சங்கரன்கோவிலில் விஜயராஜுக்கு மட்டும் திங்கள்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை.

“அந்தப் புளியங்குடிப் பொண்ணு வேண்டாம்மா. முதலாவதை விட்டுட்டு நேரா அஞ்சாவதுக்குப் போயிட்டா” என்றான்.

அவன் அம்மா ஞானபூரணத்துக்கு நினைப்பு வேறெங்கோ போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். சபைப் பாதிரியார் ஐயர் மாப்பிள்ளை, பெண் பேர் சொல்லி அறிவிக்கிற நேரத்தில் இது என்ன, எத்தனை பையன்களைப் பார்த்தாள் அவள் என்று பதறிவிட்டாள்.

விஷயம் புத்தகம்தான். பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு, தன் உயிருக்கு உயிரான விண்வெளி நாவல் தொடரின் ஆறு பாகங்களையும் ஷீலாவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தான் விஜயராஜ். வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று போனிலும் விலாவாரியாகச் சொன்னான். அவள் ‘உம்’ கொட்டியதோடு சரி.

கதையின் ஆரம்பம் இருப்பது ஐந்தாவதாக வந்த பாகத்தில். கப்பல் தலைவன் சின்னப் பையனாக இருந்த காலம் அது. அவன் எதிரிக் கிரகத்துப் பிள்ளை என்பதை மூன்றாம் பாகம் வரை மூடி வைத்திருப்பார்கள். ஐந்தாவதில் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்திருப்பார்கள்.

திங்கள்கிழமை போனில் ஷீலாவே சொன்னாள், அதைத்தான் முதலில் எடுத்தாளாம். கதை நடந்த வரிசையில் படிக்கிறாளாம். பின்னாளில் சூரியனே இல்லாத கிரகத்தை ஆளப்போகிற அந்தப் பொடியன், இருட்டுக்குப் பயந்து அழுகிற இடத்தில் சிரித்துச் சிரித்து வயிறே வலித்துவிட்டதாம்.

“சொன்னதைக் கேக்காதவகூட எப்படிம்மா குடும்பம் நடத்த?”

“ஏலே, ஒரு புஸ்தகத்துக்காகவா கல்யாணத்தை நிப்பாட்டுத? வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும்லா.”

அவன் மசியவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் புளியங்குடிக்கு பஸ் ஏறினார்கள்.

எலுமிச்சை மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஷீலாவின் அப்பா, டீயைக் கொடுத்துவிட்டு மண்டபம் பிடித்த கதையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விஜயராஜ் பாதியில் மறித்து, புத்தகங்களைத் திருப்பிக் கேட்டான். உள்ளே போன ஷீலா ஆறையும் அடுக்கி எடுத்து வந்தாள்.

அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“எழுதுனவரு ஒரு வரிசையில விட்டாருன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கில்லா? ரகசியமெல்லாம் போச்சு. இனிமே முதல் பாகத்தைப் படிச்சு என்னத்துக்கு?”

ஞானபூரணம் மகன் தொடையைக் கிள்ளினாள். ஷீலாவின் அப்பா ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார்.

ஷீலா புத்தகங்களை அவன் முன்னால் வைத்தாள்.

“நான் இதைப் படிச்சிருக்கேனான்னு நீங்க கேக்கவே இல்லியே. முதல் ரெண்டு தடவை நீங்க சொன்ன வரிசையிலதான் படிச்சேன்.”