இளைஞர் பிரதிநிதியின் வலது கை

நாற்காலி மேல் ஏறி நின்று, கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் ஒயரை வலது கையால் தூக்கிப் பிடித்திருந்தேன்.

டிஜிட்டல் பொருளாதாரக் கொள்கைக் குழுவில் நான் இளைஞர் பிரதிநிதி. நியமனம் வந்த அன்றே கோட்டு தைக்கக் கொடுத்தவன். அந்தக் கோட்டு இப்போது அக்குளில் தையல் விட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் தொடங்கியதுமே திரையில் படம் வெட்டியது. எட்டுப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்காலம் இளைஞர்கள் கையில் என்பதை அவர்கள் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்கள்.

ஏறி ஒயரைத் தொட்டேன். படம் வந்தது. அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னார் செயலாளர்.

நான் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறாள். போன வாரம் செயலி அவள் கணக்கை முடக்கிவிட்டது. ஏன் என்று கேட்க அந்தப் பக்கம் ஆளே இல்லை.

வரைவில் பதினான்காம் பிரிவு நிலைத்தால் போதும். முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும். முறையிட்டால் ஒரு மனிதர் பதில் தர வேண்டும். நான் பேசினால் நிலைத்துவிடும் என்று வீட்டில் அளந்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடி முன்னால் ஒத்திகைகூட ஆகியிருந்தது.

திரையில் பதினான்காம் பிரிவு வந்தது.

இது முதலீட்டாளர்களை மிரட்டும், எடுத்துவிடலாம் என்றார் தலைவர். சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்.

நாலு கை எழுந்தது. நாலு எழவில்லை.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்க, நம்ம தம்பி எல்லாருக்கும் முன்னாடியே தூக்கிட்டாரு. இந்தக் காலத்துப் பசங்க தெளிவாத்தான் இருக்காங்க."

கைதட்டினார்கள்.

கையை இறக்கினால் திரை இருண்டுவிடும். கொள்கையே என்னால் கெட்டது என்றாகிவிடும். நாட்டு நலன் கருதிப் புன்னகைத்தேன்.

வாய் சும்மாதான் இருந்தது. அதை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

ஐந்துக்கு நாலு. பிரிவின் மீது செயலாளர் கோடு இழுத்தார். தேநீருக்கு எல்லோரும் எழுந்து போனார்கள்.

போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன். அக்கா.

"பேசினியாடா?"

பதில் எழுத இரண்டு கையும் வேண்டியிருந்தது. கூட்டம்தான் கலைந்துவிட்டதே என்று ஒயரை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

படம் இம்மியும் அசையவில்லை.