ஆறு மீட்டரில் பதினெட்டு

ஐந்து அடி விழுந்தது.

ஆறு மீட்டர் ஆழத் துளைக்குள் இறக்கிய கம்பியில் சாக்பீஸால் போட்டிருந்த மூன்று கோடுகளில் முதலாவது மண்ணுக்குள் மறைந்தது. சம்மட்டி மறுபடி மேலே ஏறியது.

மிச்சமிருக்கும் இரண்டு கோடுகளாவது நிறைய அடி வாங்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாக மண் பரிசோதனை செய்கிறவள், மண்ணிடம் இப்படிக் கெஞ்சியதில்லை.

இரும்பு விழும்போதெல்லாம் காலடியில் தரை அதிர்ந்தது. அந்தமானில் தரை அதிர்வது புதிதல்ல. அதனால்தான் இங்கே கட்டடம் எழுப்பும் முன் மண்ணை இப்படி அடித்துப் பார்க்கிறார்கள். ஆழத்தில் ஈர மணல் நிறைய அடி தாங்கும்படி இறுகிக் கிடந்தால் பிழைக்கலாம். இளகிக் கிடந்தால் பூமி குலுங்கும்போது கூழாகிவிடும்.

ஆறு அடி. இரண்டாவது கோடும் போனது.

எதிரே பிரசவ ஆஸ்பத்திரி. மூன்று மாடி. ஜன்னல் கம்பிகளில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. அதன் மேல் இன்னும் இரண்டு மாடி ஏற்றப் போகிறார்கள்.

அந்த மூன்று மாடிக்கு மண் பார்த்தவளும் அவள்தான். முதல் வேலை. இருபத்திரண்டு வயது. ஆறு மீட்டர் ஆழத்தில் பதினெட்டு அடி என்று எழுதினாள். பதினைந்தைத் தாண்டிவிட்டால் ஆழத்தூண்கள் வேண்டாம். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

முதல் கோட்டின் அடிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது துளை போடும்போதே கலைந்துபோன மண். அடுத்த இரண்டு கோடுகளை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேறொரு இடத்தில், வேறொருவர் திட்டியபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே இந்த ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. அதற்குள் அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். இங்கே சரியாகத்தான் கூட்டியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெட்கம், வேறென்ன. சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

"ஏழு" என்றார் மேஸ்திரி சாத்தையா.

மூன்றாவது கோடும் மறைந்தது.

ஐந்து, ஆறு, ஏழு.

எல்லாம் சேர்த்தால் பதினெட்டு. ஒழுங்காகக் கூட்டினால் பதின்மூன்று.

அவள் தன் பழைய ரிப்போர்ட்டைப் பிரித்தாள். அதிலும் பதினெட்டு.

சாத்தையா அவள் கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தார். மழை வருமுன் மூட்டை கட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு உள்நோக்கம் கிடையாது.

"பேசாம இதையே போட்ருங்க மேடம். பில்டிங் பத்து வருசமா அசையாமத்தான நிக்கிது?"

நிற்கிறதுதான். பெரிய நடுக்கம் இன்னும் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

பதின்மூன்று என்று எழுதினாள்.

எழுதியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. இதைப் பார்த்தால் புது மாடிகளை நிறுத்திவிடுவார்கள். பழைய எண் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டால், இடத்துக்கு இடம் மண் மாறும் என்று ஒரு வரி போதும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பழைய மூன்று மாடியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அவள் பெயர் தப்பும்.

அந்த ஒரு வரியை எழுதவும் தொடங்கினாள்.

மேல் மாடியில் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

பேனா நின்றது.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எஸ்தர், குடையை மடக்கியபடி வாசலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னம்மா, நம்ம மண்ணு எப்படி? தைரியமா மாடி ஏத்திரலாமா?"

அவள் எழுந்து நின்றாள். எழுதத் தொடங்கிய வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள்.

"டாக்டர், இப்ப உள்ள எத்தனை பேர் படுத்திருக்காங்க?"