இடம் மாறிய தடிகள்

“இந்தத் தடியளை ஆர் புடுங்கினது?”

தில்லைநாதன் போட்ட சத்தத்தில், கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூட எழும்பி வந்துவிட்டார்கள்.

அடம்பனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சுற்றாடல் அதிகாரி அவர். நேற்றுத்தான் அந்தக் காணியில் ஆறு தடிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். தடி நிற்கிற இடத்தில் இன்றைக்கு மண் தோண்டி, பையில் கட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மண்ணில் என்ன நஞ்சு இருந்தாலும் அங்கே பிடிபட்டுவிடும். நல்ல மண் என்று பதில் வந்தால்தான் முன்பள்ளி கட்டலாம்.

இப்போது மூன்றாம் தடியும் நாலாம் தடியும் நட்ட இடத்தில் இல்லை. வேலியோரப் பூவரசுக்குக் கீழே நிழல் பார்த்து நின்றன.

“நான்தான் மாத்தினனான், தம்பி.”

சொன்னவர் மார்த்தா. காணிக்காரி. அவருடைய புருஷன் பஸ்ரியன் முப்பது வருஷம் அதே காணியில் கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்தியவர். அவர் கண்மூடிய பிறகு, காணியை ஊர்ப் பிள்ளைகளுக்கென்று மார்த்தா எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். பள்ளிக்குப் பஸ்ரியனின் பெயரை வைக்க வேண்டும். பெயர்ப்பலகைகூட எழுதி முடிந்துவிட்டது.

“மார்த்தாக்கா, உங்களுக்கென்ன விசரே?” என்றார் மீனவர் சங்கத் தலைவர் செபமாலை. “ஐயா கோவிச்சுக்கொண்டு போனா எங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை.”

“விசர் ஒண்டும் இல்லை. நல்ல தெளிவாத்தான் செய்திருக்கிறா,” என்றார் தில்லைநாதன். “எஞ்சின் கொட்டிலடியில, ஒயில் ஊறின மண்ணில நான் தடி நட்டனான். அம்மா அதைப் புடுங்கிக்கொண்டு வந்து, இலை கொட்டிக் குளிர்ந்து கிடக்கிற இடத்தில நட்டிருக்கிறா. எனக்கு விளங்காதெண்டோ நினைச்சியள்?”

மார்த்தா தலையைக் குனிந்துகொண்டார்.

“கொஞ்சம் இஞ்சால வாங்கோ, தம்பி. தனியச் சொல்லுறன்.”

“என்னட்டைத் தனியக் கதைக்க வந்த ஆக்கள் கனபேர், அம்மா. அந்தப் பழக்கம் எனக்கில்லை. சொல்லுறதை எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.”

சொன்னது அவருக்கே பிடித்திருந்தது. நேர்மையான ஆள் என்று நாலுபேர் பார்த்து நிற்பதில் ஒரு தனி ருசி உண்டல்லவா? குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

“மனுசன்ர பேர் பலகையில ஏறவேணும் எண்டதுக்காக, சின்னப் பிள்ளையளை நஞ்சு மண்ணில விளையாட விடப் பாத்தியளோ? வெக்கமாயில்லையோ?”

“வெக்கமாத்தான் இருக்கு, தம்பி.”

மார்த்தா மெதுவாகச் செபமாலையின் பக்கம் திரும்பினார்.

“உங்கட வலையளுக்கெல்லாம் ஈயக்குண்டு ஊத்தித் தந்தவர் ஆர்?”

“இதென்ன கேள்வி? பஸ்ரியண்ணைதான்.”

“அந்த ஈயம் எங்கால வந்தது? பழைய பற்றறியளை உடைச்சு உருக்கினவர். உடைச்சது, உருக்கினது, அசிட்டை ஊத்தினது எல்லாம் இந்தப் பூவரசுக்குக் கீழதான். கடைசியில அவருக்குக் கை நடுங்கினது அந்த ஈயத்தாலதான் எண்டு டொக்டர் சொன்னவர். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை.”

பூவரசடியில் நின்ற பெண்ணொருத்தி இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டு விலகி வந்தாள்.

“கொட்டிலடி ஒயில் மண்ணை வெட்டி அள்ளினால் சரி எண்டு நேற்று இவர் சங்கத்தாக்களுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது,” என்றார் மார்த்தா. “ஆனா தடி ஒண்டும் இந்தப் பக்கம் வரேல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் என்ர மனுசன்ர பேர் பலகையில ஏறியிருக்கும். பிள்ளையள் நிழலிலதானே இருந்து விளையாடுங்கள்? மண்ணை அள்ளி வாயில வைக்குங்கள். செத்த மனுசன்ர பிழையைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, தம்பி. மண்ணே சொல்லட்டும் எண்டுதான் தடியை மாத்தினனான்.”

செபமாலை தலையில் இருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

தனியாகச் சொல்கிறேன் என்று கெஞ்சிய மனுசியை இத்தனை பேருக்கு முன்னால் வாய் திறக்க வைத்தது தான்தான் என்று தில்லைநாதனுக்கு உறைத்தது.

“முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா...” என்றார்.

“நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காதுக்குள்ள சொல்லியிருப்பன். நேற்று முழுக்க என்ர வீட்டு வாசலில கதிரை போட்டு உங்களைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான்.”

மார்த்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தில்லைநாதன் கையில் இருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தார்.

முதலாவது கேள்வி: ‘காணியின் பழைய பாவனை பற்றி உரிமையாளரிடம் விசாரிக்கப்பட்டதா?’

அதற்கு நேரே ‘ஆம்’ என்று இருந்தது. மூன்று நாளைக்கு முன்னர், இந்தக் காணியைக் கண்ணால் காண முன்னமே, கந்தோர் மேசையில் இருந்து அவர் தன் கையால் எழுதியது.