கடைசியாக ஒரு போன்

யாரோ போனைத் தூக்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் கிறுக்கலும் கோணலுமாக எழுத்து ஓடியது. பாலகுருவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற காலம் அது. உரக் கம்பெனியின் பாண்டிச்சேரி ஆபீசிலிருந்து போன் வந்தால், காரைக்கால் கிளையின் கம்ப்யூட்டர் தானே எடுத்துக் கணக்கை அனுப்ப வேண்டும். அதற்கு மோடம் என்ற பெட்டியைப் பொருத்தத்தான் பாலகுருவைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள்.

"இன்னிக்கு லைன் சேரலன்னா, நாளைக்கு நீ வர வேணாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். காலையிலிருந்து இழவெடுத்த லைன் இப்போதுதான் ஒருவழியாகச் சேர்ந்தது. அதையும் கெடுத்தாயிற்று.

யாரோ என்ன யாரோ, அதே லைனில் முன்னறையில் இன்னொரு போன் வைத்திருக்கும் தலைமை குமாஸ்தா குஞ்சிதபாதம்தான். கம்ப்யூட்டர் வந்தால் தன் நாற்காலி போய்விடும் என்று முதல் நாளிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்த மனிதர்.

பாலகுரு ஓடினான். அவர் ரிசீவரைக் காதில் வைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு ஒத்துக்குதா மாரிக்கண்ணு? அம்மா இங்கதான் இருக்காங்க."

எதிரே குரும்பகரத்துக் காசியம்மா. மகன் துபாயில் கொத்தனார். வீட்டில் போன் இல்லாததால், பலரையும் போல இந்த ஆபீஸ் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று மகனுக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அவளுக்குப் பதிலாகப் பேசுவதும் குஞ்சிதபாதம்தான்.

நல்லா சாப்பிடுறானாம் என்று அவர் கையால் ஜாடை காட்ட, காசியம்மாவின் முகம் பூரித்துப்போனது.

"சார், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, போனைத் தொடாதீங்கன்னு. என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே."

"நாளையிலேருந்து இந்த லைன் மெஷினுக்குத்தானே தம்பி. கடைசியா ஒரு தடவ பேசிக்கிறேன்."

"யாரோ ஒருத்தன்கிட்ட பல்லைக் காட்டிப் பேசணும், அதுக்கு என் வேலை போவணும். உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

பாலகுரு ரிசீவரைப் பிடுங்கினான். மாரிக்கண்ணுவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று காதில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மாரிக்கண்ணுவும் இல்லை, யாரும் இல்லை. பாண்டிச்சேரி மோடம்தான் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"போன மாசமே சேதி வந்துடுச்சு தம்பி. இதே போன்லதான். கட்டடச் சாரத்துலேருந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டான். எல்லாத்தையும் அங்கயே முடிச்சிட்டாங்க." குஞ்சிதபாதம் முகத்தில் சிரிப்பு மாறாமல் பேசினார். "எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அந்தம்மா உங்க மூஞ்சியத்தான் பாக்குது. கொஞ்சம் சிரிங்க."