மாத்திரைக்கேற்ற மகிழ்ச்சி

தனுஷ்கோடியின் பலவீனமான இதயத்துக்கு அரசாங்கம் கொடுத்த புது மாத்திரை விலை அதிகம். அதைச் சாப்பிடுபவர் அந்த விலைக்குத் தகுந்தபடி சந்தோஷமாக வாழவும் வேண்டும். இல்லையென்றால் காலை வீங்கவைக்கும் பழைய மாத்திரைதான். சந்தோஷத்தை அளக்க அவர் நெஞ்சில் ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். போதுமென்றால் பச்சையாக எரியும், போதாதென்றால் சிவப்பாக.

அளவெடுக்கும் வாரம் வந்ததும், முப்பது வருஷமாக அவரை ஏசியே பழகிய மனைவி செண்பகவல்லி வாயை அடக்கிக்கொண்டாள். கட்டிலில் கிடந்த ஈரத்துண்டைப் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். உப்பு ஆகாது என்று தெரிந்தும், அவர் ஊறுகாய் கேட்டபோது "எடுத்துக்கிடுங்க" என்றாள். பட்டை சிவந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அளவைப் பார்த்த நர்ஸ் போனில் கேட்டாள். "என்னம்மா, சார் இப்படி வாடிப்போயிட்டாரு? இன்னிக்கும் சிவப்புன்னா மாத்திரைய மாத்திருவாங்க."

செண்பகவல்லி போனை வைத்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? வாயே தொறக்கலையே நான்."

"அதான். டாக்டர் உங்கிட்ட எனக்கு நாள் குறிச்சுச் சொல்லிட்டாரோன்னு நெனச்சேன். நீ ஏசுவேன்னுதான் ஊறுகாயே கேட்டேன். நீ எடுத்துக்கிடுங்கன்னுட்ட."

அவள் எழுந்துபோய் ஊறுகாய் பாட்டிலை அவர் கைக்கு எட்டாத பரணில் வைத்தாள்.

"நாள் குறிக்க டாக்டர் எதுக்கு? நீங்க திங்கிற உப்பு போதாதா? இன்னிக்கும் ஈரத்துண்டு கட்டில்ல கெடக்கு. யாரு எடுப்பா?"

தனுஷ்கோடி துண்டை எடுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே சுகமாகக் காலை நீட்டிப் படுத்தார். பட்டை பச்சையாக எரிந்தது.