பெற்றோர் கையெழுத்து

கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்குப் பக்கத்தில் தலைமையாசிரியை மிஸ் டூரண் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

பள்ளிப் பரிசு விழா விருந்துக்கு வைத்திருந்த தமாலே பலகாரத் தட்டுகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஒஃபேலியா பேனாவைத் திறந்தாள்.

மகள் மரிபெல் அவள் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் போடும்மா. பரீட்சை எழுதுற மாதிரி யோசிக்கிற."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

எண்பது பேர் மட்டுமே படிக்கும், அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் சார்ட்டர் பள்ளி. குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் இடம். இங்கே மதிப்பெண் மட்டும் போதாது, சம்பளமில்லாமல் ஊருக்கு உழைத்த மணிக்கணக்கும் வேண்டும். இரண்டிலும் முன்னால் நிற்கும் ஒரு பிள்ளைக்கு நான்கு வருடக் கல்லூரிப் படிப்பு இலவசம்.

இந்த வருடம் அது மரிபெல்லுக்கு. தாயின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஒஃபேலியா பதினொரு வருடமாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் மரிபெல் அந்த மணிநேரங்களைச் சேர்த்தாள். மகளுக்கு இடம் கேட்டு மேலாளர் கிரீலியின் அறை வாசலில் நின்றவள் ஒஃபேலியாதான். படுக்கையில் கிடப்பவரை வலிக்காமல் புரட்டுவது எப்படி என்று, வீட்டு சோபாவில் தானே நோயாளியாகப் படுத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

மரிபெல் கெட்டிக்காரி. கற்றுக்கொண்டதைப் பன்னிரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். 'சனிக்கிழமைக் குழு' என்று பெயர் வைத்து மஞ்சள் பனியன் அச்சடித்தாள். சனிக்கிழமைகளில் ஒஃபேலியா பார்த்துவந்த கீழ்த்தளம் முழுவதையும் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் ஒஃபேலியாவுக்குச் சனிக்கிழமை வேலை நின்றுபோனது.

ஆள் தேவைப்படவில்லை என்றார் கிரீலி. ஏன் என்று அவள் கேட்கவில்லை. மஞ்சள் பனியன்களை வாராவாரம் துவைத்துக் காயப்போட்டவள் அவள்.

மகளிடம் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருந்தாள். சனிக்கிழமை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன் என்றாள். மரிபெல் அன்று மாலையே முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தாள்.

இப்போது கிரீலி மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். விழாவுக்காகக் கோட் அணிந்திருந்தார்.

"பொண்ண நல்லா வளத்திருக்கீங்க ஒஃபேலியா," என்றார்.

அவள் தாளைப் படித்தாள். மெதுவாகத்தான் அவளால் படிக்க முடியும்.

பரிசு பெறும் பிள்ளை தன் குழுவோடு சேவையை விரிவாக்க வேண்டும் என்றிருந்தது. ஜூனில் தொடங்கிக் கோடை முழுவதும். அதன் பிறகு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தொடர்வார்கள். இடம், அதே இல்லம். நாட்கள், திங்கள் முதல் வெள்ளி வரை. பொறுப்பு, இரண்டாவது மாடி.

வார நாட்களில் ஒஃபேலியா வேலை பார்க்கும் மாடி.

அவள் நிமிர்ந்தாள். கிரீலி அதற்குள் யாரோ ஒரு தகப்பனிடம் கைகுலுக்கப் போயிருந்தார்.

ஒஃபேலியா தன் பெயரை முழுதாக எழுதினாள். ஒரு எழுத்தும் விடவில்லை.

மிஸ் டூரண் தாளை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். யாரோ புகைப்படத்துக்கு நெருங்கி நிற்கச் சொன்னார்கள்.

ஒஃபேலியா மகளை இடுப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு காதருகே குனிந்தாள்.

"மாடில கடைசி ரூம்ல மிஸஸ் அபோடாகா இருக்காங்க, மிஹா, எம் பொண்ணே. அவங்களுக்கு சூப்ப நல்லா ஆறவச்சுக் குடு. வாய் சுட்டாலும் அவங்களால சொல்ல முடியாது."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" மரிபெல் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள். "நீதான் பக்கத்துலயே இருக்கப்போறியே."